எதில் எத்தனை பங்கு? இயங்குதளச் சந்தைக் கணக்கைப் படிக்கும் விதம்

2017 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது: ஆண்ட்ராய்டு விண்டோஸை முந்திவிட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்டாட்கவுண்டர் நிறுவனம் மார்ச் மாதக் கணக்கை வெளியிட்டிருந்தது. இணையப் பயன்பாட்டில் ஆண்ட்ராய்டு 37.93 சதவீதம், விண்டோஸ் 37.91 சதவீதம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே நிறுவனத்தின் கணக்கில் ஆண்ட்ராய்டுக்கு 2.4 சதவீதம்தான் இருந்தது. ஆகவே அது பெரிய செய்தி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே அறிக்கையில் வேறு எண்களும் இருந்தன. மேசைக் கணினியையும் மடிக்கணினியையும் மட்டும் எடுத்தால் விண்டோஸுக்கு 84 சதவீதம். ஆசியாவை மட்டும் எடுத்தால் ஆண்ட்ராய்டு 52.2, விண்டோஸ் 29.2. வட அமெரிக்காவிலோ விண்டோஸ் 39.5, ஐபோன், ஐபேடின் ஐஓஎஸ் 25.7, ஆண்ட்ராய்டு 21.2. அங்கே ஆண்ட்ராய்டுக்கு மூன்றாம் இடம். கணக்கெடுத்தது ஒரே நிறுவனம், மாதமும் ஒன்றே, முறையும் ஒன்றே. விண்டோஸ் தோற்றதா, ஜெயித்ததா என்று கேட்டால், எதற்குள் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது.

சந்தைப் பங்கு என்பது ஒரு பின்னம். பள்ளிக்கூடக் கணக்கில் சொன்னால் மேலே தொகுதி, கீழே பகுதி. செய்தித் தலைப்புகள் மேலே இருப்பதைப் பற்றியே பேசுகின்றன. இயங்குதளங்கள், அதாவது கணினியையும் கைபேசியையும் ஓடவைக்கும் அடிப்படை மென்பொருள்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கீழே இருக்கும் எண். அதை யார், எப்படி, எங்கே நின்று எண்ணினார்கள் என்று பார்த்துவிட்டால் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும்.

ஸ்டாட்கவுண்டர் எண்ணும் விதத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இணையத்தில் நாம் பார்க்கும் வட்டப்படங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களில் அந்த நிறுவனத்தின் சிறு நிரல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தளங்களில் யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால், எந்த உலாவி, எந்த இயங்குதளம், எந்த நாடு என்று குறித்துக்கொள்கிறது. எண்ணப்படுவது பக்கங்கள்தான், ஆட்கள் இல்லை. ஒருவர் ஒரே நாளில் 40 பக்கம் படித்தால் 40. வாட்ஸ்அப், யூடியூப் செயலி, விளையாட்டு எதுவும் இதில் வராது. மளிகைக்கடையில் பில் போட மட்டும் பயன்படும் பழைய கணினி, இணையத்தையே தொடாமல் பத்து வருடம் ஓடினாலும் கணக்கில் இல்லை. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் நின்று வண்டிகளை எண்ணுவதுபோலத்தான் இது. ஒரே லாரி நான்கு முறை கடந்தால் நான்கு. வயலில் உழுதுகொண்டிருக்கும் டிராக்டர் பூஜ்யம். ஷோரூமில் விற்ற வண்டி எத்தனை, ஆர்டிஓவில் பதிவான வண்டி எத்தனை என்பதெல்லாம் தனித்தனிக் கணக்குகள்.

நெட்மார்க்கெட்ஷேர் என்ற இன்னொரு நிறுவனம் பக்கங்களுக்குப் பதில் தனிப்பட்ட வருகையாளர்களை எண்ணியது. நாடுவாரியாக இணையப் பயனர் எண்ணிக்கையைப் பார்த்து எடையும் போட்டது. சீனாபோல, மாதிரியில் குறைவாக வரும் நாடுகளின் எண்களை அது உயர்த்திக்கொள்ளும். ஸ்டாட்கவுண்டர் அப்படிச் செய்வதில்லை. 2017-ல் மேசைக் கணினிகளில் விண்டோஸுக்கு ஸ்டாட்கவுண்டர் 84 கொடுத்தபோது, நெட்மார்க்கெட்ஷேர் 90-க்கு மேல் கொடுத்தது. இரண்டிலும் பொய் இல்லை.

நெட்மார்க்கெட்ஷேர் 2020 அக்டோபர் மாதக் கணக்கோடு நின்றுவிட்டது. நிறுத்தியதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை விரிவாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இன்றைய எல்லா எண்களிலும் அந்தச் சிக்கல் இருக்கிறது. உலாவிகள் தங்களைப் பற்றிச் சொல்லும் தகவல் மாறப்போகிறது, அதன்பின் சாதனத்தைச் சரியாக அடையாளம் காண முடியாது என்றார்கள்.

அது என்ன தகவல்? ஒவ்வொரு உலாவியும் ஒரு தளத்தைக் கேட்கும்போது ஓர் அறிமுக வரியை அனுப்பும். யூசர் ஏஜென்ட் என்பது அதன் பெயர். நான் குரோம், விண்டோஸில் ஓடுகிறேன், இன்ன பதிப்பு என்று அந்த வரி சொல்லும். இயங்குதளக் கணக்குகள் அனைத்துக்கும் அடித்தளம் இந்த ஒரு வரிதான். அந்த வரியை வைத்தே ஆட்களைத் தளம் தளமாகப் பின்தொடர முடிந்ததால், அந்தரங்கத்தைக் காக்க உலாவிகள் அதில் இருந்த விவரங்களைக் குறைக்கத் தொடங்கின. நல்ல காரணம்தான். விளைவைப் பாருங்கள். மேக்கில் சஃபாரி உலாவி, எவ்வளவு புதிய இயங்குதளமாக இருந்தாலும், 10.15.7 என்ற 2020-ஆம் ஆண்டுப் பதிப்பையே சொல்கிறது. ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக்கும் தன்னை இன்டெல் மேக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. விண்டோஸ் 11 அந்த வரியில் விண்டோஸ் 10 என்றே தெரியும். இரண்டையும் பிரிக்க, தளம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கவேண்டும். குரோம், எட்ஜ் வகை உலாவிகள் பதில் சொல்லும், ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் சொல்லாது. நேற்று வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோம், தன்னை ஆண்ட்ராய்டு 10 என்றும், போனின் மாடல் பெயர் 'கே' என்றும் சொல்லும். எல்லா போன்களுக்கும் அதே 'கே'.

ஐபேட் கதை இன்னும் வேறு. 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், பெரிய திரை கொண்ட ஐபேட்கள் கணினிக்கான பக்கங்களையே இயல்பாகக் கேட்கின்றன. அதற்காகத் தங்களை மேக் என்று சொல்கின்றன. ஆக, மேக்கின் பங்கு சற்று ஏறியதாக ஒரு வரைபடம் காட்டினால், சோபாவில் உட்கார்ந்து படிக்கும் ஐபேட்களும் அதில் கலந்திருக்கலாம்.

இந்த இடத்தில் இந்தியாவுக்கு வருகிறேன். ஸ்டாட்கவுண்டர் கணக்கில் உலக மேசைக் கணினிகளில், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் பங்கு 2024 பிப்ரவரியில்தான் முதன்முறையாக 4 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் இந்தியாவில் அதே ஆண்டு 15 சதவீதத்தையும் தாண்டியதாக அது காட்டியது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களிடையே இது கொண்டாட்டமாகப் பகிரப்பட்டது. லினக்ஸ் வளரவேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அதனாலேயே இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

முதலில் பின்னத்தின் கீழே உள்ள பகுதியைப் பாருங்கள். இந்தியாவில் திறக்கப்படும் இணையப் பக்கங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு கைபேசியில் திறக்கப்படுகிறது. மேசைக் கணினி என்ற வட்டமே சிறியது. வீட்டுக்கு வீடு கணினி இருக்கும் நாட்டில் அந்த வட்டத்துக்குள் எல்லோரும் இருப்பார்கள். இங்கே அலுவலகம், கல்லூரி, மென்பொருள் துறை ஆட்களே அதிகம். லினக்ஸ் பயன்படுத்தும் நிரலாளர்கள் அந்தச் சிறிய வட்டத்துக்குள் பெரிதாகத் தெரிவார்கள். இதுவரை நியாயமான கணக்குதான்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் குரோம் உலாவியின் மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்று ஒரு தேர்வு உண்டு. தேர்வு முடிவு பார்க்கவோ அரசு விண்ணப்பம் நிரப்பவோ போய், போனில் பக்கம் சரியாக வராதபோது நம்மில் பலரும் அதைத் தொட்டிருப்போம். அதைத் தொட்டவுடன் உலாவி அனுப்பும் அறிமுக வரி மாறிவிடுகிறது. அப்போது அது தன்னை 64 பிட் லினக்ஸ் கணினி என்று சொல்கிறது. ஆண்ட்ராய்டின் கருவே லினக்ஸ் என்பதால் அப்படி ஒரு வரி. எண்ணும் நிரலுக்கு, அது மதுரையில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் கையில் இருக்கும் போன் என்று அந்த வரியிலிருந்து தெரியாது. 15 சதவீதத்தில் இப்படி வந்தது எவ்வளவு என்று அந்த வரைபடத்தைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. போன்தான் ஒரே கணினி என்று வாழும் கோடிக்கணக்கானவர்கள் உள்ள நாட்டில், இதை ஒதுக்கிவிட்டு வெற்றி அறிவிப்பது சரியாகாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர்கள் கைக்கு வந்தது. வகுப்பறையில் இணையமில்லாமல் ஓடும் கணினி பக்க எண்ணிக்கையில் தெரியாது. லினக்ஸ் உண்மையில் வாழும் இடங்களை இந்தக் கணக்கு காண்பதில்லை. உலகின் மிக வேகமான 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் 500-ம் லினக்ஸ்தான். அங்கே நூற்றுக்கு நூறு. ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் மாதாந்தரக் கணிப்பில் 2025 அக்டோபரில்தான் 3 சதவீதத்தைத் தொட்டது. லினக்ஸின் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்வது அவர்களுக்கு உதவாது.

பக்க எண்ணிக்கையை விட்டுவிட்டு விற்பனைக்கு வருவோம். ஐபோனை எடுத்துக்கொள்ளலாம். 2022-ல் உலகில் கடைகளுக்குப் போன கைபேசிகளில் ஐபோனின் பங்கு 18 சதவீதம் என்றது கவுண்டர்பாயிண்ட் ஆய்வு நிறுவனம். அதே ஆண்டு ஸ்டாட்கவுண்டர் பக்கக் கணக்கில் கைபேசிகளில் ஐஓஎஸ் 27, 28 சதவீதத்தில் இருந்தது. அதே கவுண்டர்பாயிண்ட், கைபேசித் துறையின் மொத்த வருவாயில் ஆப்பிளுக்கு 48 சதவீதம், செயல்பாட்டு லாபத்தில் 85 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. 18, 28, 48, 85. நான்குமே 'ஐபோனின் பங்கு' என்று தலைப்பிடத் தகுந்தவைதான்.

18 எப்படி 28 ஆகிறது? ஐபோன் நீண்ட காலம் உயிரோடு இருக்கிறது. முதல் சொந்தக்காரர் விற்றால் இரண்டாவது ஆள் வாங்குகிறார், தம்பிக்குப் போகிறது, அம்மாவுக்குப் போகிறது. புதிதாக விற்பதை எண்ணும் கணக்கில் அந்தப் பழைய போன் இல்லை, பயன்பாட்டுக் கணக்கில் இருக்கிறது. செயலி உருவாக்குபவர்களுக்கோ வருவாய்தான் முக்கியம். பதிவிறக்கங்களில் கூகுள் பிளே வெகுதூரம் முன்னால் இருந்தாலும், மக்கள் செலவிடும் பணத்தில் ஆப்பிளின் கடைதான் முன்னால். சில செயலிகள் ஐபோனில் முதலில் வந்து பல மாதம் கழித்து ஆண்ட்ராய்டுக்கு வருவதற்கு இது ஒரு காரணம். ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும்: எத்தனை ஐபோன் விற்றோம் என்று சொல்வதை ஆப்பிள் 2018 இறுதியில் நிறுத்திவிட்டது. அதன்பின் வரும் எண்ணிக்கை எதுவானாலும் வெளியாட்களின் மதிப்பீடுதான்.

சரி, இந்தப் பின்னங்களெல்லாம் புள்ளிவிவரக்காரர்கள் கவலைப்படவேண்டிய விஷயம்தானே என்று தோன்றலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை.

2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் 63.5 சதவீதம் சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடின என்று கார்ட்னர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சிம்பியன் என்றால் பெரும்பாலும் நோக்கியா. அந்த ஆண்டு விற்ற மொத்தக் கைபேசிகள் 115 கோடி. அதில் ஸ்மார்ட்போன் 12 கோடி சொச்சம்தான். பத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்த 63 சதவீதம் அது. அப்புறம் நடந்ததுதான் கவனிக்கவேண்டியது. 2009-ல் 8.09 கோடி சிம்பியன் போன்கள் விற்றன. 2010-ல் 11.16 கோடி. ஒரே ஆண்டில் மூன்று கோடி அதிகம். ஆனால் பங்கு 46.9-லிருந்து 37.6-க்கு இறங்கியது, ஏனென்றால் ஸ்மார்ட்போன் என்ற வட்டமே 17 கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கோடியாக விரிந்துவிட்டது. விரிந்த இடத்தில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டும் ஐபோனும் நிரப்பின. ஓர் ஆண்டில் ஆண்ட்ராய்டு 3.9-லிருந்து 22.7-க்குத் தாவியது. நோக்கியாவின் விற்பனைப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலோப், நிறுவனத்தை எரியும் மேடைக்கு ஒப்பிட்டு ஊழியர்களுக்கு எழுதினார். சில நாட்களில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்துக்கு மாறுவதாக அறிவித்தார். கைவிடப்போவதாக உற்பத்தியாளரே அறிவித்த இயங்குதளத்தை யார் வாங்குவார்கள்? அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் சிம்பியன் 16.9 சதவீதத்துக்கு விழுந்தது, ஆண்ட்ராய்டு 52.5-க்கு ஏறியது. நோக்கியா மாறிப்போன விண்டோஸ் போன் 4 சதவீதத்தை எட்டவே திணறியது. பங்கு குறைவு என்பதால் செயலிகள் வரவில்லை, செயலிகள் இல்லை என்பதால் பங்கு ஏறவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியைக் கூகுள் 2013-ல் தடுத்தது. 2014-ல் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்தது. அடுத்த ஆண்டே 760 கோடி டாலரை இழப்பாக எழுதிக் கழித்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அதில் ஏராளம். அந்த ஆலை பெரும்பாலும் செய்தது சிம்பியன் ஸ்மார்ட்போன்களை இல்லை, மலிவான சாதாரண போன்களை. ஸ்மார்ட்போன் சந்தைப் பங்கு வரைபடங்களில் அவை இடம்பெறவே இல்லை. வருமான வரித் துறையோடு இருந்த 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்கால், ஆலையை வேறு கைக்கு மாற்ற முடியாதபடி சொத்தாக முடக்கினார்கள். அதனால் ஆலை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகாமல், ஒப்பந்த முறையில் அதற்காக உற்பத்தி செய்துகொண்டிருந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் சாதாரண போன் வரிசைகளை நிறுத்த முடிவெடுத்து ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வரி வழக்கும் காரணம், மலிவு ஆண்ட்ராய்டு போன்கள் சாதாரண போன் சந்தையைக் கீழிருந்து அரித்ததும் காரணம். இயங்குதளப் போட்டியில் தோற்றது எங்கோ பின்லாந்தில் இருந்த நிறுவனம் என்றாலும், சம்பளம் நின்றது இங்கே.

அதே ஆலை வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் நிறுவனம் அது. இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன, பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. இந்தியப் பயன்பாட்டில் ஐஓஎஸின் பங்கோ 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த 5-ஐ வைத்து இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையில் ஐபோனுக்கு எத்தனை பங்கு என்று யாரும் கணிக்க முடியாது.

பின்னத்தின் பகுதி எது என்று வரையறுப்பதில் நீதிமன்றங்களும் மல்லுக்கட்டியிருக்கின்றன. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட்மீது தொடுத்த வழக்கில், 1999 நவம்பரில் நீதிபதி ஜாக்சன் தன் கண்டறிதல்களை வெளியிட்டார். சந்தை என்பது இன்டெல் வகைத் தனிக் கணினிகளுக்கான இயங்குதளம் என்று வகுத்தார். அதற்குள் விண்டோஸுக்கு 95 சதவீதம். ஆப்பிள் மேக்கைச் சேர்த்துக்கொண்டாலும் 80-க்கு வெகு மேலே என்றும் குறிப்பிட்டார். இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோதும் இதே கேள்விதான் மையம். ஆப்பிளோடு போட்டியிடுகிறோம், நாங்கள் எப்படி ஏகபோகம் என்பது கூகுளின் வாதம். ஐஓஎஸை ஆப்பிள் வேறு யாருக்கும் தருவதில்லை. போன் செய்யும் நிறுவனம் ஒன்று உரிமம் பெற்று வாங்கக்கூடிய இயங்குதளங்களே இங்கே சந்தை என்றது ஆணையம். அப்படிப் பார்த்தால் ஆண்ட்ராய்டுக்கு வெளியே ஏறத்தாழ யாருமே இல்லை. ஆணையம் நின்ற இடம் சரியென்றே எனக்குப் படுகிறது. போன் வாங்குபவருக்கு இரண்டு வழி இருந்தது, போன் செய்பவருக்கு ஒன்றுதான் இருந்தது.

சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் அமெரிக்கத் தடைக்குப் பின் ஹுவாவே வெளியிட்ட ஹார்மனிஓஎஸ் இயங்குதளம், 2024 முதல் காலாண்டில் சீன விற்பனையில் 17 சதவீதம் பெற்று ஐஓஎஸை ஒரு புள்ளியில் முந்தியதாகக் கவுண்டர்பாயிண்ட் சொன்னது. உலகப் பக்கக் கணக்குகளில் இந்த மாற்றம் சரியாகத் தெரிவதில்லை, ஏனென்றால் சீனர்கள் அன்றாடம் புழங்கும் தளங்களிலும் செயலிகளிலும் அந்த எண்ணும் நிரல்கள் அதிகம் இல்லை.

தமிழில் இணையதளமோ செயலியோ நடத்துபவர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. உலகச் சராசரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இந்தியாவில் கைபேசியில் படிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்ட்ராய்டில் வருவார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் ஆண்ட்ராய்டே பெரும்பான்மை. டொராண்டோவிலிருந்து படிப்பவர்களிடம் ஐபோன் கையோங்கியிருக்கும், கனடாவில் பாதிக்கும் மேல் ஐஓஎஸ்தான். உங்கள் வாசகர் யார் என்பதைச் சொல்லக்கூடியது உங்கள் சொந்த சர்வரின் பதிவேடுதான். அதையும் படிக்கும்போது 'ஆண்ட்ராய்டு 10' என்று வருவதை நம்பாதீர்கள், 'லினக்ஸ் கணினி' என்று வருவதைத் திரை அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய பதிப்புகளுக்கான ஆதரவை நிறுத்தும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு சதவீதம்கூட இல்லை என்ற காரணத்தோடு பழைய ஆண்ட்ராய்டுகளைச் செயலிகள் கைவிடுவது வழக்கம். உலகில் இயங்கும் ஆண்ட்ராய்டு சாதனங்கள் 300 கோடிக்கு மேல் என்று கூகுள் 2021-லேயே அறிவித்தது. அதில் ஒரு சதவீதம் என்றால் 3 கோடி சாதனங்கள், பெரும்பாலும் புதிய போன் வாங்க வசதியில்லாதவர்கள் கையில் இருப்பவை.